தையல் எந்தப் பக்கம்

என் தங்கை என்னைக் காட்டிக்கொடுத்தவள். அவளைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். மற்றதும் நிறைய இருக்கிறது. உழைப்பாளி, பொய் சொல்ல வராது, வீட்டில் ஒருவர் பிறந்தநாளையும் மறக்க மாட்டாள். இருந்தாலும் எனக்குச் செய்தது துரோகம்தான்.

வீட்டில் அவளுக்கு நோண்டி என்று பெயர். எதையும் சும்மா விட மாட்டாள். சின்ன வயதில் பாம்பும் ஏணியும் விளையாடி நான் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தேன். மறுநாள் பார்த்தால் அட்டையில் இரண்டு பாம்புகள் இடம் மாறியிருந்தன. பழைய பாம்பின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, புதுப் பாம்பைப் பேனாவால் வரைந்திருந்தாள். எண்பதைத் தாண்டினவன் கீழே வர வழியே இல்லை, அது நியாயமில்லை என்று விளக்கம் வேறு. அப்பா சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அந்தப் புத்திதான் பின்னால் அவளுக்கு வேலையாகவும் ஆனது.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் அவள் ஆபீஸ். ஒன்பது பேர் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கேம் செய்கிறார்கள். ரப்பர் வாடை மேலே வரைக்கும் வரும். அவர்கள் கேம் அமெரிக்கன் ஃபுட்பால். பெயர்தான் ஃபுட்பால், ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக ஆளை ஆள் இடித்துத் தள்ளுகிற ஆட்டம். கேமில் ஆட்கள் ஓடுகிற படமெல்லாம் கிடையாது. விளையாடுகிறவர்தான் கோச். ஒவ்வொரு வீரனுக்கும் பாயிண்ட் கிடைக்கும், அதைக் கொடுத்து அவனுக்கு ஸ்கில் வாங்க வேண்டும். பிறகு பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு ஆட்டத்தை வரிவரியாகச் சொல்லும்.

பந்தை எறிகிறவனுக்கு அதில் நாற்பது ஸ்கில் இருந்தது. ஸ்பெஷல் டீமுக்கு, அதாவது பந்தை உதைக்கிற நேரத்தில் மட்டும் உள்ளே போய்விட்டு வெளியே வருகிற கூட்டத்துக்கு, மொத்தமே மூன்று. உதைக்கிற கிக்கருக்குப் பலமும் குறியும், பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு வேகமும். இருபது பாயிண்ட் மிஞ்சினாலும் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. விளையாடுகிறவர்கள் எட்டு வருடமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் யாரும் சீண்டாத அந்த வேலையை, கடைசியாகச் சேர்ந்தவள் என்று என் தங்கை தலையில் கட்டினார்கள்.

நானும் ஸ்பெஷல் டீம்தான், ஆனால் நிஜ மைதானத்தில். ஸ்னாப்பர். குனிந்து நின்று, கால் இடுக்கு வழியாகப் பந்தைப் பின்னால் அனுப்புவது என் வேலை. எட்டு கஜம் தள்ளி மண்டியிட்டிருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து நிறுத்துவான், கிக்கர் ஓடிவந்து உதைப்பான். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் விநாடி. சரியாக அனுப்பினால் யாருக்கும் நான் யாரென்று தெரியாது. ஒன்பது சீசன் ஆடிய பிறகும் எங்கள் கிளப் வாசல்காரர் என்னை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பார். அணி போட்டோ எடுத்தபோது ஒருமுறை போட்டோகிராபர் என்னிடம் குடையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். உப்புக்குச் சப்பாணி என்று சொல்வார்களே, அந்த உத்தியோகம்தான்.

எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. எங்கள் கிளப்பில் பத்து சீசன் முழுதாக ஆடினவர்களின் படத்தை உடை மாற்றும் அறைக்குப் போகிற வழியில் மாட்டுவார்கள். பதினான்கு படங்கள் இருந்தன, அதில் ஒரு ஸ்னாப்பர்கூட இல்லை. பதினைந்தாவது படம் என்னுடையதாக இருக்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம். குடை பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

ஆகவே ஒன்பதாவது சீசன் முடிந்த பிறகு தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டும் கையுமாக வந்து, “உன் வேலையைப் பத்திச் சொல்லுண்ணா” என்று உட்கார்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை என் மனைவிகூட அப்படிக் கேட்டதில்லை. மடை திறந்த மாதிரி கொட்டினேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். நான் சொன்னதெல்லாம் ஸ்கில் ஆனது. கிக்கருக்குக் காற்றை வாசிக்கிற ஸ்கில் வைத்தாள். உதைக்கிற சமயம் பார்த்து எதிரணி கோச் ஆட்டத்தை நிறுத்தி டைம் அவுட் கேட்டால் பதறாமல் நிற்கிற ஸ்கில் வைத்தாள். தாழ்வாக உதைத்துத் தூரம் எடுக்கிற ஸ்கில் ஒன்று. அதை வாங்கினால் பந்து எதிராளி கையில் பட்டுத் தடுக்கப்படுகிற ஆபத்தும் கூடும். அவள் எதையும் இலவசமாகத் தருவதில்லை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் பத்தாயிரம் ஆட்டம் ஓட்டிப் பார்ப்பாள். எல்லாரும் வாங்குகிற ஸ்கில்லும் தப்பு, யாருமே வாங்காத ஸ்கில்லும் தப்பு என்பது அவள் கட்சி.

ஸ்னாப்பர் என்று ஒருவன் அந்தக் கேமில் இல்லவே இல்லை. அவளாகச் சண்டை போட்டு அவனை உள்ளே கொண்டுவந்தாள். அவனுக்கு வேகம், குறி இரண்டும் வைத்துவிட்டு, இன்னும் என்ன என்று கேட்டாள். தையல் என்று சொன்னேன். பந்தின் ஒரு பக்கத்தில் தடிப்பாகத் தையல் ஓடும். ஹோல்டர் நிறுத்தும்போது அது கிக்கர் பக்கம் பார்க்கக் கூடாது. கால் தையலில் பட்டால் பந்து வழிதவறிப் போகும். அதனால் நல்ல ஸ்னாப்பர், பந்து காற்றில் எத்தனை சுற்று சுற்றும் என்று விரலிலேயே கணக்கு வைத்து அனுப்புவான். இதைக் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. உடனே கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

செல்போனைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து நூறு ஸ்னாப் எடுக்கச் சொன்னாள். அறுபது வரைக்கும் தையல் சரியான பக்கம் நின்றது. அதற்குமேல் புரள ஆரம்பித்தது. நூறு முடிந்ததும் படத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். நோண்டி ஆயிற்றே, விடுவாளா.

சொல்லிவிட்டேன். எட்டாவது சீசன் முடிவில் கழுத்தில் ஓர் அடி பட்டது. அதிலிருந்து களைத்துப் போனால் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகும். மனைவிக்குத் தெரியாது, கிளப் டாக்டருக்குத் தெரியாது. சீசன் ஆரம்பத்தில் தருகிற படிவத்தில், மரத்துப்போதல் உண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஒரு சீசன்தான் என்று அவளிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“இது உன் கேமுக்கு இல்ல. நமக்குள்ள.”

அவள் சரி என்று சொன்னாள். தலையை ஆட்டவில்லை, வாயைத் திறந்து சரி என்றே சொன்னாள்.

இங்கே இன்னொருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கிக்கர். ஒற்றைக்காலில் நின்றே உடம்பைத் தளர்த்துவான் என்பதால் கொக்கு என்று கூப்பிடுவோம். என்னைவிட ஏழு வயது சின்னவன், ஆறு சீசன் நான் அனுப்பிய பந்தை உதைத்தவன். ஒன்பதாவது சீசனின் கடைசி மூன்று ஆட்டத்திலும் ஆட்டத்துக்கொரு உதை என்று மூன்றைத் தவறவிட்டான். மூன்றும் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில். ஹோல்டர் அந்த வருடம் வந்த புதுப்பையன், பந்து கையில் சிக்கினால் போதும் என்று இருந்தவன். கொக்குக்குக் கால் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். சீசன் முடிந்ததும் கிளப் அவனை அனுப்பிவிட்டது. பாவம், இப்படிச் சில பேருக்கு ஆகிவிடும் என்று நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

பத்தாவது சீசன் நல்லபடியாகவே போனது. இன்னும் ஐந்து ஆட்டம் மிச்சம் இருந்தபோது தங்கையின் கேமில் ஸ்பெஷல் டீம் அப்டேட் வந்தது. அன்று காலை கிளப்பில் கழுத்துக்கு ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆசை ஆசையாக என் செல்போனில் திறந்தேன். ஸ்னாப்பர் என்று ஒரு பக்கமே இருந்தது. தையல் என்ற ஸ்கில் இருந்தது. அதன் கீழே ஒரு விதி: தையல் தப்பிய பந்தை உதைத்துக் குறி தவறினால் தவறு ஸ்னாப்பர் கணக்கில் ஏறும், கிக்கரின் தன்னம்பிக்கை குறையாது.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் கீழே ‘எங்கிருந்து’ என்று ஒரு வரி எழுத வேண்டும். இஷ்டத்துக்கு எதையாவது சேர்த்துவிடக் கூடாது, யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று காட்ட வேண்டும். தாடி என்று அவர்கள் கூப்பிடுகிற ஆபீஸ் தலைவர் கொண்டுவந்த ஏற்பாடு. ஸ்கில் பெயரைத் தட்டினால் அந்த வரி விளையாடுகிறவர்களுக்கும் தெரியும். தட்டினேன்.

‘ஒன்பது சீசன் ஆடிய ஒரு ஸ்னாப்பர் சொன்னது. களைத்தால் வலது கையின் கடைசி இரண்டு விரல்கள் மரத்துப்போகும். அப்போது கையை இடது காலுறையில் இரண்டு தடவை தேய்ப்பார். பந்து நேரத்துக்கு வரும், இடத்துக்கும் வரும், தையல் மட்டும் கிக்கர் பக்கம் திரும்பியிருக்கும். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பழி கிக்கருக்குப் போகும்.’

ஐஸ் கழுத்தில்தான் இருந்தது, குளிர் உள்ளங்கால் வரைக்கும் இறங்கியது. காலுறையில் கையைத் தேய்க்கிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவள் படத்தில் பார்த்திருக்கிறாள், பார்த்து எழுதியிருக்கிறாள்.

பயிற்சி முடிந்ததும் நேராக டயர் கடை மாடிக்கு ஏறினேன். ஒன்பது பேர் முன்னால் என் குரல் உயர்ந்தது, அதற்காக வெட்கப்படவில்லை. அவள் என்னைப் படிக்கட்டுக்கு அழைத்து வந்தாள். தாடி அந்த விதியே வேண்டாம், குறி தவறினால் கிக்கர் தப்பு என்றே இருக்கட்டும், அதுதான் எல்லாருக்கும் புரியும் என்று மறுத்தாராம். பலமான ஆதாரம் இருந்தால் வைத்துக்கொள் என்றாராம். அதனால் எழுதினாளாம்.

“பேர் போடலையேண்ணா. யாருக்குத் தெரியப் போகுது?”

அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கே உரிய புத்தி இது. பெயரை எடுத்துவிட்டால் ஆளையே எடுத்துவிட்டதாக நினைப்பு. நான் வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தாய் என்றேன். உன் வேலைக்கு நான்தான் கிடைத்தேனா என்றேன். அவள் அழுதாள். வியாழக்கிழமை அடுத்த அப்டேட்டில் அந்த வரியை எடுத்துவிடுகிறேன் என்றாள். விதியையும் சேர்த்து எடு என்று சொன்னேன்.

“வரியை எடுத்துடறேன். விதியை எடுக்க மாட்டேன். அது சரியான விதி.”

அழுதுகொண்டே சொன்னாள். பாம்பை இடம் மாற்றியவள்தானே.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு வந்தாள். வரி போய்விட்டது, பார் என்று செல்போனை நீட்டினாள். சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். மனைவி கடைக்குப் போயிருந்தாள். போ என்று நான் சொல்லவில்லை. காபி மட்டும் போட்டுக் கொடுத்தேன். நடுவில் ஓர் ஆட்டம் முடிந்தது போக இன்னும் நாலு ஆட்டம், அதுவரைக்கும் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அழைப்பு மணி அடித்தது.

கொக்கு நின்றிருந்தான். பத்து மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையில் செல்போன். அந்தக் கேமை அவன் செல்போனில் ஏற்றிக் கொடுத்ததே நான்தான். அணி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, என் தங்கச்சி செய்கிற கேம்டா என்று பீற்றிக்கொண்டு ஏற்றினேன். அவன் அந்த வரியைப் படம் பிடித்து வைத்திருந்தான்.

“இது நீங்கதானே அண்ணே? ஆறு வருஷம் அந்தக் காலுறையைப் பார்த்துட்டு நின்னவன் நான். முன்னாடியெல்லாம் நீங்க தேய்க்க மாட்டீங்க.”

உள்ளே வா என்றேன். வந்து உட்கார்ந்தான். தங்கையை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. நானும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. அவன் கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வெளியே போடா என்று சொல்லியிருக்கலாம்.

“போன சீசன் கடைசி மூணு உதை. அதுல எத்தனை உங்களோடது?”

சுவரில் பதினைந்தாவதாக மாட்டப்போகிற படம்தான் அந்த நேரத்தில் என் மனதில் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது அதுதான்.

“ஒண்ணு இருக்கலாம். சரியா ஞாபகமில்ல” என்றேன்.

எதிரே தம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“மூணும்” என்றாள் என் தங்கை, அவனைப் பார்த்து. “நான் மூணு ஆட்டத்தோட வீடியோவையும் வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மூணுலயும் தையல் உங்க பக்கம்தான் இருந்துச்சு.”

என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுச் சொன்னாள். முதலில் செய்ததைக்கூட மன்னித்திருப்பேன். அது அவள் வேலை வெறியில் செய்தது. இது முகத்துக்கு நேராகச் செய்தது. அடுத்த திங்கள் நானே கோச்சிடம் போய் நின்றதும், டாக்டர் ஊசியால் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியதும், அந்தப் படம் மாட்டப்படாமல் போனதும் எல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையால் வந்ததுதான். அப்படித்தான் ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கொக்கு அவளையே பார்த்தான். பிறகு தன் வலது காலைப் பார்த்தான்.

“அப்ப என் கால் நல்லாத்தான் இருந்துச்சா?”

நல்லா இருந்தது என்று அவள் சொன்னாள். அந்த மூன்றிலும் அவன் உதைத்ததில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றாள். அவன் சிரித்தான், சந்தோஷமாகச் சிரிக்கிறான் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு மெதுவாக, யாரையும் குறை சொல்லாத குரலில், பத்து மாதம் என்ன செய்தான் என்று சொன்னான். தான் ஓடிவந்து உதைக்கிற நடையில்தான் தப்பு இருக்கிறது என்று முடிவு கட்டி, அதைப் பிரித்துப் போட்டிருக்கிறான். ஓடிவருகிற அடிகளை மாற்றியிருக்கிறான், சாய்கிற கோணத்தை மாற்றியிருக்கிறான், ஊன்றுகிற காலை அரைச்சாண் நகர்த்தியிருக்கிறான். தினமும் நூற்றைம்பது உதை. இரண்டு கிளப்புகள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டன. புது நடையும் உடம்பில் ஒட்டவில்லை.

தங்கை எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தாள். மூலையில் கிடந்த பந்தை எடுத்து, தையலை எதிர்ப்பக்கம் திருப்பி, மண்டியிட்டுத் தரையில் ஒற்றை விரலால் நிறுத்திப் பிடித்தாள். பழைய மாதிரியே உதையுங்க என்றாள். அவளுக்குத் தெரிந்த பரிகாரம் அது.

அவன் பந்துக்குப் பக்கத்தில் நின்று பின்னால் அடி எடுத்தான். மூன்று. பிறகு பக்கவாட்டில் இரண்டு. நின்றான். தலையை அசைத்துவிட்டு மறுபடி பந்துக்கு வந்து, மறுபடி அடி எண்ணினான். இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். வாசற்படியில் நின்றிருந்த என்னிடம் திரும்பினான்.

“அண்ணே, ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பின்னாடிதானே பார்ப்பீங்க. எனக்கு மறந்துபோச்சு. ஓட ஆரம்பிக்கும்போது முதல்ல எந்தக் காலை எடுப்பேன்?”

ஆறு சீசன். சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம், ஆட்டத்துக்கு எட்டு பத்து தடவை. என் கண்ணுக்கு நேரே, எட்டு கஜத்துக்கு அந்தப்பக்கம், தலைகீழாக நின்றவன் அவன். ஹோல்டரின் கைகள் நினைவிருந்தன. என் விரல்கள் நினைவிருந்தன. அவன் கால்களைத் தேடித் தேடிப் பார்த்தேன்.

“தெரியலடா” என்றேன்.

பரவாயில்லை என்று அவன் சொன்னான். பந்துக்கு வந்து நின்று, மறுபடி முதலிலிருந்து அடி எண்ண ஆரம்பித்தான்.